பரியன் எப்போது படித்தான்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளோடு உட்கார்ந்து 'பரியேறும் பெருமாள்' படத்தை மறுபடி பார்த்தேன். அவள் பி.ஏ., பி.எல். முதல் வருடம். குமணன்சாவடியில் எங்கள் வீட்டில் தங்கி, பட்டரைபெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரிக்குப் போய்வருகிறாள். எனக்கு இது நான்காவது முறை, அவளுக்கு முதல் முறை. படம் முடிந்ததும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். டீ டம்ளர் காட்சியில் கண் கலங்கியது தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்:

"எல்லாம் சரி மாமா. ஆனா இவன் எப்ப படிச்சான்?"

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. கேள்வி ஒரு மாதமாக மண்டைக்குள்ளேயே கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நானும் பி.எல். முடித்தவன்தான். கோட்டு மாட்டி நின்றது கொஞ்ச நாள். இப்போது பிழைப்பு, கோர்ட் காகிதங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது. முதல் தகவல் அறிக்கை, சாட்சி வாக்குமூலம், கிரையப் பத்திரம், இப்படி. மேல்முறையீட்டுக்கு டெல்லி போகும் கட்டுகளில் நான் பெயர்த்த பக்கங்கள் சில இருக்கும். அதனால் இந்தப் படத்தை நான் பார்க்கும் விதம் சினிமா விமர்சகர் பார்க்கும் விதமாக இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மாரி செல்வராஜின் முதல் படம் 2018 செப்டம்பரில் வந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. கதிர், ஆனந்தி, யோகி பாபு, முதல்வராக 'பூ' ராமு, ஜோவின் அப்பாவாக மாரிமுத்து. வந்த நாளிலிருந்து இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் சாதி ஆணவக் கொலையைப் பற்றி, கருப்பி என்ற நாயைப் பற்றி, கடைசியில் வரும் இரண்டு டம்ளர்களையும் நடுவில் விழும் பூவையும் பற்றி. எல்லாம் நியாயம்தான். ஆனால் இது ஒரு சட்டக் கல்லூரிப் படமும்கூட என்பதை ரொம்பப் பேர் பின்னணி என்று நினைத்துக் கடந்துவிட்டார்கள். கதை மருத்துவக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ நடந்திருந்தாலும் இதே படம்தான் என்பதுபோல.

அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன். தமிழ் சினிமாவில் கல்லூரி என்றால் கேன்டீன், கலாட்டா, காதல், கல்ச்சுரல்ஸ். வகுப்பறைக்குள் கேமரா போனால் அது வாத்தியாரைக் கிண்டல் பண்ணத்தான். வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதே ஒருவனுக்கு எவ்வளவு பெரிய வேதனை என்று காட்டிய படம் இது. ஆங்கிலத்தில் பாடம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பரியனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாட்டிக்கொள்கிறான், அவமானப்படுகிறான். சட்டக் கல்லூரி வாசல் எங்கே இருக்கிறது என்று படம் சரியாகக் காட்டிவிடுகிறது. காம்பவுண்டு சுவரில் இருக்கும் கேட்டைத் தாண்ட இட ஒதுக்கீடும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் போதும். இன்னொரு கேட் கரும்பலகைக்கு முன்னால் இருக்கிறது. அதற்கு அட்மிஷன் சீட்டு யாரும் தருவதில்லை.

நான் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. தமிழ் மீடியத்திலிருந்து போனவன். முதல் செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டம். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன், ராத்திரி அகராதியை வைத்துக்கொண்டு அது என்ன வார்த்தையாக இருக்கும் என்று தேடுவேன். 'கன்சிடரேஷன்' என்பதை 'யோசனை' என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். ஒப்பந்தத்தில் அது 'கைம்மாறு', அதாவது ஒருவர் கொடுப்பதற்கு மற்றவர் பதிலாகக் கொடுப்பது. யோசனைக்கும் கைம்மாறுக்கும் நடுவில் எனக்கு ஒரு இன்டர்னல் தேர்வு போனது. இன்றைக்குச் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. பரியன் வகுப்பில் நிற்கும் காட்சியில் என் முதுகில் வேர்த்தது, நாலு முறையும்.

இதுவரை பாராட்டு. இனி அக்கா மகளின் கேள்வி.

படத்தில் பரியனுக்கு நடப்பதை வரிசையாக எழுதிப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் அறையில் வைத்து அடிக்கிறார்கள், அவன்மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். கல்லூரியில் பெண்கள் கழிவறைக்குள் தள்ளி அடைக்கிறார்கள். கல்லூரிக்கு வந்த அவன் அப்பாவை, ஊர் ஊராகக் கூத்தில் ஆடிப் பிழைக்கும் மனிதரை, துரத்தித் துணியை உருவி அம்மணமாக ஓடவிடுகிறார்கள். இதெல்லாம் நடப்பது சட்டம் படிக்கும் ஒருவனுக்கு. சிலது சட்டம் படிக்கும் மற்றவர்கள் கையால், சட்டக் கல்லூரிக்கு உள்ளேயே.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மூன்றாம் பிரிவு. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் உடையை அந்தப் பிரிவைச் சேராத ஒருவர் பலவந்தமாகக் களைவது அதில் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் அப்படியே. அதாவது பரியனின் அப்பாவுக்கு நேர்ந்ததற்குப் பெயர் வைத்து, தண்டனையும் சொல்லும் வரி, அந்தக் கல்லூரி நூலகத்தில் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. படத்தில் யாரும் அதைத் திறப்பதில்லை. ஆசிரியர், முதல்வர், பரியன் யாருமே. எந்தச் சட்டப் பிரிவும் இந்தக் கதையை ஒரு அடிகூட நகர்த்துவதில்லை.

இது படத்தின் குறையா? முதல் இரண்டு முறை பார்த்தபோது குறை என்றுதான் நினைத்தேன். பிறகு மாற்றிக்கொண்டேன். சட்டம் படிப்பது வேறு, சட்டம் கையில் இருப்பது வேறு. ஸ்டேஷனுக்குப் போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே உயிரோடு நடமாட முடியும் என்ற நம்பிக்கை இருப்பவனுக்குத்தான் சட்டம் கையில் இருக்கிறது. பரியனுக்கு அது இல்லை என்று இயக்குநருக்குத் தெரியும். அவரும் சட்டக் கல்லூரியில் படித்தவர். பிரிவு மூன்றை மறந்துபோய் அந்தக் காட்சியை எழுதியிருக்க வாய்ப்பில்லை. அந்த அலமாரி மூடியே இருப்பது ஒரு குற்றச்சாட்டு. அதைக் குறை என்று சொல்வது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

ஆனால் அக்கா மகள் கேட்டது இது இல்லை. "ஏன் கேஸ் போடல" என்று அவள் கேட்கவில்லை. எப்போது படித்தான் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்குப் படத்திடம் பதில் பலவீனமாகத்தான் இருக்கிறது.

ஜோ உதவுகிறாள். அவள் சொல்லிக்கொடுக்க, பரியனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அழகான காட்சிகள்தான். ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு வகுப்பு புரியவில்லை என்பது கல்லூரியின் பிரச்சினை. அதற்கான பதில், நல்ல மனசுள்ள ஒரு பெண்ணின் தனிப்பட்ட அன்பாக மாறிவிடுகிறது. கேட்டை இடிப்பதற்குப் பதில், உள்ளேயிருந்து ஒருத்தர் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். ஜோ இல்லாத பரியன்கள் என்ன செய்வார்கள்? என் வகுப்பில் ஜோ யாரும் இல்லை. அரியர்தான் இருந்தது.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது. படம் ஆங்கிலத்தைச் சுவராகப் பார்க்கிறது. பரியனின் தமிழை அது ஒரு கருவியாகப் பார்ப்பதே இல்லை. அந்தத் தமிழ் அவன் அடையாளம், அவன் மானம், அவன் பாட்டு. அதே தமிழ் ஒரு வக்கீலின் தொழில் சாமான் என்பது படத்துக்குத் தோன்றவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் ஒரு வழக்கு இரண்டு மொழியில் நடக்கிறது. கீழமை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார், தமிழில் பதிவாகிறது. ஆட்சிமொழிச் சட்டம் 1956-லிருந்து இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களுக்குத் தமிழைக் கொண்டுவந்த திருத்தம் 1976-ல். மேலே உயர் நீதிமன்றம் போனால் அரசியல் சாசனத்தின் 348-ஆம் பிரிவு, ஆங்கிலம். உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆக, கட்சிக்காரர் தமிழில் அழுவதை நீதிபதி ஆங்கிலத்தில் படிக்கிறார். நடுவில் யாரோ ஒருவர் நிற்கிறார். அந்த ஒருவருக்குத்தான் சட்டக் கல்லூரி.

என் மேசையிலிருந்து ஓர் உதாரணம். "கையப் புடிச்சு இழுத்தான்" என்று ஒரு பெண் வாக்குமூலத்தில் சொல்கிறார். தமிழ் தெரிந்த யாருக்கும் அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பெண்ணின் மானத்துக்குக் கேடு செய்தான் என்று அர்த்தம், பழைய தண்டனைச் சட்டத்தில் 354, புதிய நியாய சம்ஹிதாவில் 74. வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் போட்டால் என்ன ஆகும்? யாரோ யாரையோ கையைப் பிடித்து இழுத்தார்கள், பஸ் ஏறும்போது இழுப்பதுபோல. ஆயிரம் மைல் தள்ளி அதைப் படிக்கும் ஒருவருக்கு, இதற்கா வழக்கு என்று தோன்றும். மொழிபெயர்ப்பவர் தன் இஷ்டத்துக்கு விரித்து எழுதவும் கூடாது. அங்கே ஒரு வக்கீல் வேண்டும், எழுந்து நின்று இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இதுதான் அர்த்தம் என்று சொல்ல. அதற்கு ஊரும் தெரிய வேண்டும், ஆங்கிலமும் தெரிய வேண்டும். பரியனிடம் முதலாவது நிறையவே இருக்கிறது. அவன் வகுப்பில் ஜோவுக்கு இல்லாத சொத்து அது. படம் அவனைக் கற்பவனாக மட்டுமே உட்கார வைத்துவிட்டது. ஒரே ஒரு காட்சியில் அவன் ஜோவுக்கு ஒரு வாக்குமூலத்தைப் படித்துச் சொல்லியிருந்தால் போதும், கணக்கு நேராகியிருக்கும்.

எழுதுவதில் உயிர் போகும், உயிர் வரும் என்பதற்கு நான் தூரம் போக வேண்டாம். எங்கள் குமணன்சாவடிக்கு அடுத்த நிறுத்தம் கரையான்சாவடி. அங்கே இருக்கும் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான் ராஜீவ் காந்தி கொலை வழக்கு நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நான்கு பேருக்குத்தான் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரு வாக்கியம். பேரறிவாளன் வெளியே வந்தது 2022 மே 18. யார் எழுதுகிறார், எதை விடுகிறார் என்பதற்கு இதற்குமேல் என்ன சொல்ல? தினமும் அந்த வழியாகத்தான் அக்கா மகளின் பஸ் போகிறது. முதல் வாரம் அவளுக்கு அதைக் காட்டினேன். "இங்கயா?" என்றாள்.

சரி, பரியனை விட்டு இன்னொரு படத்துக்கு வருவோம். 2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்'. த. செ. ஞானவேல் இயக்கம். கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993-ல் ராஜாக்கண்ணு இறந்த உண்மை வழக்கு, அதை நடத்திய கே. சந்துரு பாத்திரத்தில் சூர்யா. இங்கே சட்டம் வேலை செய்கிறது. ஆட்கொணர்வு மனு, சாட்சி விசாரணை, எல்லாம் கதையையே நகர்த்துகிறது. ஆனால் முதல் காட்சியிலிருந்தே சந்துரு முழு வக்கீல். கருப்புக் கோட்டோடு பிறந்த மாதிரி. அவர் எப்படி அந்த வக்கீல் ஆனார், எந்த பெஞ்சில் உட்கார்ந்து எதைப் புரியாமல் விழித்தார் என்று படத்துக்கு அக்கறை இல்லை.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. ஒன்றில் சட்டம் இல்லாத மாணவன், இன்னொன்றில் மாணவனாக இருந்ததே இல்லாத வக்கீல். நடுவில் ஐந்து வருடம் காணாமல் போயிருக்கிறது. ஒரு பரியன் ஒரு சந்துருவாக வேண்டும் என்றால் அந்த ஐந்து வருடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தமிழ் சினிமா அதை இன்னும் எடுக்கவில்லை.

அந்த ஐந்து வருடத்தில் என்ன இருக்கிறது? படம் எடுக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

1891-ல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்தது. மாணவர் மதியம் வகுப்பை விட்டால் பெரிய வக்கீல்கள் வாதாடுவதை நேரில் பார்க்கலாம். 2008 நவம்பர் 12 அன்று அந்த வளாகத்தில் மாணவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து அடித்துக்கொண்டதை, போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றதை, டி.வி.யில் ஊரே பார்த்தது. நீதிபதி சண்முகம் ஆணையம் விசாரித்தது. 2018-ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் போனது. கவனியுங்கள், பரியன் திரைக்கு வந்த அதே வருடம். கல்லூரிக்குள் சாதி இருக்கிறது என்று ஒரு படம் சொன்ன வருடத்தில்தான், கல்லூரியே கோர்ட்டைவிட்டு விலகி ஊருக்கு வெளியே போனது.

அதனால் அக்கா மகளின் நாள் பஸ்ஸில் தொடங்குகிறது. மெட்ரோ தூண்களுக்குக் கீழே நின்று ஏறி, பூந்தமல்லியில் மாறி, திருமழிசை, வெள்ளவேடு, மணவாளநகர் தாண்டித் திருவள்ளூர், அங்கிருந்து திருத்தணி ரோட்டில் இன்னொரு பஸ். சீட்டு கிடைத்தால் மடியில் பேர் ஆக்ட். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. எனக்கு 302 என்றால் கொலை, அவளுக்கு 103. ஆனால் தெருவில் ஏமாற்றுக்காரனை இன்னும் யாரும் முன்னூத்திப் பதினெட்டு என்று திட்டுவதில்லை, நானூத்தி இருபதுதான். பழைய தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்ணில். ஆக இரண்டையும் மனப்பாடம் செய்கிறாள். அவள் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் நடுவில் கோடு: இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். ராத்திரி சாப்பிட்ட பிறகு வலது பக்கத்தை நிரப்ப என்னிடம் வருவாள். "மாமா, 'கல்பபிள் ஹோமிசைட்'டுக்கு என்ன போட?" "குற்றமுறு மரணம்." "அது எங்க அம்மாவுக்குப் புரியுமா?" "புரியாது." "அப்ப அம்மாவுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு." இதற்கு அரை மணி நேரம் ஆகும். சண்டைகூட வரும். என்னைக் கேட்டால், இதுதான் சட்டப் படிப்பு. இதில் ஒரு படம் இருக்கிறது.

'பரியேறும் பெருமாள்' சாதியைப் பற்றிய படம், அதில் நோட்டுப் புத்தகத்தைத் தேடுவது அபத்தம் என்று சிலர் சொல்லலாம். யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் துணியை உருவும் ஊரில் வலது பக்கக் கலத்தைப் பற்றிப் பேசுவது சொகுசுதான். ஆனாலும், பூ ராமுவின் முதல்வர் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். தானும் அவமானப்பட்டு வந்தவன், படித்ததால் இன்று இந்த நாற்காலியில் இருக்கிறேன் என்கிறார். படத்தின் நம்பிக்கையே அவர்தான், படிப்புதான். அப்படியானால் அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று கேட்பது வெளியாள் கேள்வி ஆகாது. படமே கிளப்பிய கேள்வி.

ஒன்றை மட்டும் படத்தின் பக்கம் நின்று சொல்லி முடிக்கிறேன். அதன் முழுத் தலைப்பு, 'பரியேறும் பெருமாள் பி.ஏ., பி.எல்.', துணைக்கு 'மேல ஒரு கோடு'. பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, படித்துக்கொண்டிருக்கிறான் என்பதற்கான கோடு அது. தன் நாயகன் இன்னும் வக்கீல் ஆகவில்லை என்று படம் தலைப்பிலேயே ஒத்துக்கொள்கிறது. அவன் எப்போது படித்தான் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அந்தக் கோடுதான்: இன்னும் முடிக்கவில்லை.

நேற்று ராத்திரி அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, தன் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ., பி.எல். என்று எழுதி, மேலே ஒரு கோடு போட்டாள். பென்சிலில்.

"அழிக்கறதுக்கு ஈஸியா இருக்கும்ல," என்றாள்.